அழாத பிள்ளை

அன்புள்ள பேத்திக்கு,

ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில், அதுவும் அவசரப் பிரிவில் உனக்கு வேலை என்று அம்மா சொன்னாள். எங்கள் வாயில் அது இன்னும் ஈப்போ பெரியாஸ்பத்திரிதான். வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் இடத்தில் நிற்பாய். பெரியவர்களைப் பற்றி நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோது, ஒரு ராத்திரி லயத்திலிருந்து இரண்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தாள் ஒருத்தி. வாந்தி, பேதி. நாடி வேகமாக ஓடியது. பயம் என்று நினைத்தேன். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. மூத்திரம் போனானா என்றுகூட நான் கேட்கவில்லை. "எம்புள்ள மாதிரியே இல்லீங்க ஐயா" என்றாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்று அனுப்பிவிட்டேன். விடியற்காலைப் பெரட்டு நேரத்தில், துவண்டு கிடந்தவனோடு மறுபடி வந்தாள். தோட்டத்து லாரியில் ஈப்போவுக்கு ஓடினோம், பிழைத்துக்கொண்டான்.

பிள்ளையின் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். பிறகு ஒரேயடியாக விழும். பத்துக் கிலோ பிள்ளைக்கு மொத்த ரத்தமே ஏறத்தாழ 800 மில்லிதான். அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பிள்ளையிடம் போனதும் தொடாதே. தாய் மடியில் இருக்கும்போதே எட்ட நின்று பார். உன்னைத் திரும்பிப் பார்க்கிறதா? மூக்கு விடைக்கிறதா? விலாவுக்கிடையே சதை உள்வாங்குகிறதா? நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் வெளுப்புத் தெரியாது. உதட்டையும் உள்ளங்கையையும் பார். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. பெரியவருக்கு 40 என்றால் நீ ஓடவேண்டும். பிறந்த குழந்தைக்கு அது சாதாரணம். ஊசி போட்டபோது அழாத பிள்ளைகளை நானே மெச்சியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு அழவே தெம்பில்லையோ!

1988 அக்டோபரில், நச்சு கலந்த லோ ஷி ஃபன் என்ற நூடுல்ஸ் சாப்பிட்டு நம் பேராக்கில் 13 சீனப் பிள்ளைகள் இறந்தார்கள். வாந்தி, காய்ச்சல் என்று தொடங்கியது, வலிப்பிலும் நினைவிழப்பிலும் கொண்டுபோய் விட்டது. 'வெறும் வாந்திதான்' என்று அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

தாய் பயந்தால் நம்பு. அவள் நிம்மதியடைந்தால் மட்டும் யோசி: டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான் வரும்.

போன தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலில் அந்தத் தாயைப் பார்த்தேன். பையனுக்கே தலை நரைத்துவிட்டது. "எம்புள்ளைய காப்பாத்துன டிரெசர் ஐயா" என்று பேரப்பிள்ளைகளிடம் காட்டினாள். முதல் தடவை திருப்பி அனுப்பியதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்புடன்,
தாத்தா