தசையும் இன்சுலினும் இரத்த அழுத்தமும்

எலும்புகளைப் பற்றி நின்று அவற்றை அசைக்கும் தசைகளுக்கு எலும்புத் தசைகள் என்று பெயர். வளர்ந்த ஆடவரின் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இத்தசையே. பெண்டிர்க்குச் சற்றுக் குறைவு. நடத்தலும் சுமத்தலும் இதன் தொழில் என்று கூறுவதோடு நம் பாடங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆனால், உண்டபின் இரத்தத்தில் வந்து சேரும் குளூகோஸைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியமும் இதுவேயாகும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒருவரிடத்தே அடிக்கடி இணைந்து காணப்படுவதன் காரணத்தில் ஒரு பகுதியை இக்களஞ்சியத்திலேயே தேட வேண்டும்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் தசையணுவின் மேற்பரப்பில் வந்து பொருந்தியதும், அணுவினுள் ஒதுங்கியிருந்த ஒருவகைப் புரதங்கள் மேலே வந்து குளூகோஸை உள்ளே ஏற்றுகின்றன. அதில் ஒரு பகுதி எரிபொருளாகிறது. எஞ்சியது கிளைகோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. இன்சுலின் இருந்தும் தசை அதற்குச் செவிசாய்க்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு எனப்படுவது. கணையம் மேலும் மேலும் சுரந்து இக்குறையை ஈடுசெய்ய முயலும். ஆதலால் பல ஆண்டுகள்வரை இரத்தச் சர்க்கரை இயல்பான அளவிலேயே இருத்தல் கூடும். கணையம் தளர்ந்தபின்னரே நீரிழிவு வெளிப்படுகிறது.

நீரிழிவு நோயாளரில் இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என இரு வகையினர் உளர் என்பதை 1936-இல் இலண்டனில் ஹாரல்டு ஹிம்ஸ்வர்த் எடுத்துக்காட்டினார். இரத்த அழுத்தத்துடன் இதற்குள்ள உறவு துலங்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1987-இல் ஃபெர்ரானினி என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும், உடற்பருமன் இல்லாது இரத்த அழுத்தம் மட்டும் மிகுந்திருந்த சிலரை ஆராய்ந்து, அவர்களிடத்தும் இன்சுலின் எதிர்ப்பு இருத்தலைக் கண்டனர். குளூகோஸை எரிக்கும் வழியில் குறையில்லை. கிளைகோஜனாகச் சேமிக்கும் வழியிலேயே குறை இருந்தது. அழுத்தம் எவ்வளவு மிகுந்திருந்ததோ, எதிர்ப்பும் அவ்வளவு மிகுந்திருந்தது.

இவ்விரண்டும் இணைவது எங்ஙனம்? நலமுள்ள உடலில் இன்சுலின் குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தூண்டி, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிடச் செய்கிறது. அதனால் தசையிலுள்ள குழாய்கள் விரிந்து, குளூகோஸைத் தாங்கிய இரத்தம் தசைக்கு மிகுதியாகச் செல்கிறது. எதிர்ப்பு ஏற்பட்டவிடத்து இவ்விரிவு குன்றுகிறது. சிறுநீரகமோ தசையைப்போல் அவ்வளவு செவிடாகிவிடுவதில்லை. இரத்தத்தில் மிகுந்துள்ள இன்சுலினுக்கு இணங்கி அது உப்பைத் தேக்கிக்கொள்கிறது; பரிவு நரம்புகளும் முடுக்கப்படுகின்றன. ஒருபுறம் குழாய்கள் விரிய மறுக்க, மறுபுறம் நீரும் உப்பும் தேங்குமாயின், அழுத்தம் உயருதல் வியப்பன்று. எனினும் இரத்தக் கொதிப்பு அனைத்திற்கும் இதுவே காரணம் என்று கூறிவிடலாகாது. மரபும், உணவில் உப்பின் மிகுதியும், சிறுநீரக நோய்களும் தனித்தனியே அதனை விளைவிக்க வல்லவை.

தசை உழைக்கும்போது அதன் தந்துகிகள் மிகுதியாகத் திறக்கின்றன என்று கண்டு 1920-இல் நோபல் பரிசு பெற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்டு குரோக். நீரிழிவுற்ற மனைவியையுடைய அவரே, 1922-இல் டொராண்டோ சென்று இன்சுலின் தயாரிக்கும் முறையைத் தம் நாட்டிற்குக் கொணர்ந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. உழைப்பின் பயன் தந்துகிகளோடு நிற்பதில்லை. சுருங்கி விரியும் தசையில், குளூகோஸை ஏற்றும் புரதங்கள் இன்சுலினின் ஏவலின்றியே மேற்பரப்பிற்கு வருகின்றன. உழைப்பு ஓய்ந்தபின்னும் ஓரிரு நாட்கள்வரை தசை இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது.

நம் நாட்டு மக்களைப் பொறுத்தவரை எடைப்பொறி ஒன்றையே நம்புதல் ஏமாற்றம் தரும். 2003-இல் வெளியான புனே ஆய்வில், அப்பகுதிச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும், இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோவும் இருந்தன. புனேக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரிதும் தசையே. கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. மெலிந்த தோற்றத்தினுள்ளும் தசை அருகி, வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருத்தல் கூடும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடளாவிய ஆய்வு, 20 வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 11.4 பேர்க்கு நீரிழிவும், 35.5 பேர்க்கு மிகுந்த இரத்த அழுத்தமும் உள்ளன என்கிறது. “இவர் ஒல்லியானவர்” என்று கருதி ஒருவரைச் சோதியாது விடுதல் களப்பணியாளர்க்குத் தகாது. நாடா கொண்டு இடுப்பைச் சுற்றி அளக்க. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும்.

நடையோடு, அமர்ந்து எழுதல், சிறு சுமை தூக்கல் முதலியவற்றையும் பழகச் சொல்லலாம். அழுத்தம் மிக உயர்ந்திருப்போர் மூச்சை அடக்கிப் பளு தூக்கலாகாது. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேட்டே உழைப்பைக் கூட்ட வேண்டும்.

அழுத்தம் அளக்கும்போதும் தசையை நினைவிற்கொள்க. கையைத் தாங்கலின்றி நீட்டிக்கொண்டிருப்பினும், விரல்களை இறுக முடக்கியிருப்பினும் அளவு உண்மையினும் கூடித் தோன்றும். ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்து, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமீது தளர வைத்து, இரு முறை அளந்து குறித்துக்கொள்க.