நரை வௌவாலும் காற்றாலையும்



"வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்பது பழமொழி. கூட்டங்கூட்டமாகத் தொங்கும் வௌவால்களைக் கண்டவர்கள் சொன்னது போலும். வட அமெரிக்காவில் வாழும் நரை வௌவாலோ விருந்தையே விரும்பாதது. மரத்தின் இலைகளுக்கு நடுவே தன்னந்தனியே தொங்கும். அதன் எடை ஏறத்தாழ 30 கிராம்தான். உரோமத்தின் நுனி வெளுத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. இலையுதிர் காலத்தில் வெகுதூரம் பறந்து இடம் பெயரும். குகையில் கூடி வாழும் இனமென்றால் ஒருவாறு எண்ணிவிடலாம். இதை யார் எண்ணுவது?

எண்ண வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள். நம் முப்பந்தலில் நிற்பவை போன்ற காற்றாலைகள் அங்கும் மலைமுகடுகளிலும் சமவெளிகளிலும் நிற்கின்றன. புகையின்றி மின்சாரம் தரும் இவற்றைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் 2003-ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவின் ஒரு மலைமுகட்டில், 44 காற்றாலைகளால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வௌவால்கள் மடிந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழலக்கூடியது. அதில் அடிபட்டால் அவ்வளவுதான். காற்றாலையை உயர்ந்த மரமென்று எண்ணி வௌவால்கள் நெருங்குகின்றன என்பது சில அறிஞர்களின் கருத்து.

இறந்த வௌவாலும் பாடம் சொல்லும் என்பதை மரபியல் காட்டியுள்ளது. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம் இத்துறையில் ஈடுபட்டுள்ள நிறுவனங்களுள் ஒன்று. காற்றாலைகளின் அடியில் கிடக்கும் உடல்களைத் தேடி எடுத்து, இறக்கைத் தோலில் சிறு துண்டை வெட்டி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அழுகிச் சிதைந்த உடலானாலும் அது எந்த இனம், ஆணா பெண்ணா என்பதை அறிந்துவிடலாம். நரை வௌவாலின் உறவினமான செவ்வௌவாலை இவ்வாறு ஆராய்ந்தபோது, கிழக்கு அமெரிக்கா முழுவதும் அவை ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவது தெரியவந்தது. அப்படியானால் டெக்சாசில் ஒன்று மடிந்தால் அது டெக்சாசுக்கு மட்டும் நட்டமன்று.

மரபணுவைக் கொண்டு தொகையையும் கணிக்க முயல்கிறார்கள். அதனை இப்படி விளங்கிக்கொள்ளலாம். ஒரு சிற்றூரில் எல்லாரும் நெருங்கிய உறவினராயின் முகச்சாயல் ஒன்றுபோல் இருக்கும். பெருநகரிலோ எத்தனையோ சாயல்கள்! அதுபோல, மரபணுக்களில் வேறுபாடு மிகுந்திருந்தால் அவ்வினம் பெருந்தொகையாய் வாழ்ந்தது எனலாம். "வாழ்ந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்நகரிலிருந்து பாதிப்பேர் ஒரே நாளில் வெளியேறினாலும், எஞ்சியவர்களிடையே பலவகைச் சாயல்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். மரபணுவும் அப்படியே. இழப்பை அது பல தலைமுறைகள் கழித்தே காட்டும். அதுவரை காத்திருக்க நரை வௌவாலால் இயலாது. ஏனெனில் அது ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு குட்டிகளே ஈனும். நிலைமை மாறாவிடில் 50 ஆண்டுகளில் அதன் தொகை 90 சதவிகிதம் வரை குறையக்கூடும் என 2017-இல் வெளியான ஒரு கணிப்பு கூறியது.

வழி இல்லாமல் இல்லை. காற்று குறைவாக வீசும் இரவுகளில்தான் வௌவால்கள் மிகுதியாகப் பறக்கின்றன. அவ்வேளையில் காற்றாலை தரும் மின்சாரமோ சொற்பம். ஆகவே காற்று சற்று வலுக்கும் வரை இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தால் என்ன? பென்சில்வேனியாவில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில், இடம்பெயரும் பருவத்து இரவுகளில் இதனைச் செய்து பார்த்தனர். வௌவால்களின் சாவு 44 முதல் 93 சதவிகிதம் வரை குறைந்தது. ஆண்டு முழுமைக்கும் இழந்த மின்சாரம் 1 சதவிகிதத்தைத் தாண்டவில்லை.