பாதரசம் பட்டால் அணையும் ஒளி

கேள்வி: நானோ துகள் கரைசலைக் கடல்நீரில் சில சொட்டு விட்டு, செல்போனில் படம் எடுத்தாலே பாதரசமும் ஈயமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாமே? கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். இதை வாங்கி நாங்களே சோதித்துப் பார்க்கலாமா?
- வாசகர், எண்ணூர்

பதில்: செய்தியில் பொய் இல்லை. ஆனால் சோதித்தது உண்மையான கடல்நீரையா, காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதரச உப்பைக் கரைத்த கரைசலையா என்று பெரும்பாலான செய்திகள் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் துகளைப் பார்ப்போம். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது கார்பன் டாட் என்ற மிக நுண்ணிய கரித்துகள். அளவு 10 நானோமீட்டருக்கும் கீழே. 2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், கார்பன் நானோ குழாய்களைச் சுத்தப்படுத்தும்போது எதிர்பாராமல் அகப்பட்டது. இப்போது கல்லூரி ஆய்வகத்திலேயே செய்கிறார்கள். சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலத்தில் இறுக மூடி, 200 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். அதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் பளீரென்று நீலமாக ஒளிரும். சிட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக எலுமிச்சை, துளசி, பழத்தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வேகவைத்துக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. சமையல் குறிப்புப் பக்கங்கள் தோற்றுவிடும்.

துகளின் மேற்பரப்பில் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதித் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாதரச அயனி வந்து அவற்றில் ஒட்டினால், புற ஊதாக் கதிர் பட்டுக் கிளர்ந்த எலெக்ட்ரான், ஆற்றலை ஒளியாக விடாமல் உலோகத்தின் பக்கம் நழுவிவிடுகிறது. நீலம் மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்று அளந்தால் எவ்வளவு பாதரசம் என்று கணக்குப் போடலாம்.

ஒளி இப்படி அணைவதை வீட்டிலேயே பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் டானிக் வாட்டரில் குயினைன் இருக்கிறது. இருட்டறையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் அதை ஊற்றி, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் இரண்டும் நீலமாக ஒளிரும். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அது மங்கிவிடும். குயினைன் ஒளியாக விடவேண்டிய ஆற்றலை உப்பின் குளோரைடு பறித்துக்கொள்கிறது. (டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். உப்புப் போட்ட டம்ளரைக் குடித்துப் பார்க்கவும் வேண்டாம்.)

அந்த உப்புதான் கடலில் பெரிய தொல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அதில் ஒரு மைக்ரோகிராம் பாதரசத்தைத் தேடினால், எடைக்கணக்கில் அதைப்போல் சுமார் இரண்டு கோடி மடங்கு குளோரைடு சூழ்ந்திருக்கும். கார்பன் டாட் குயினைன் அளவுக்குக் குளோரைடுக்கு மசிவதில்லைதான். ஆனால் குளோரைடு வேறு வழியில் காரியத்தைக் கெடுக்கிறது: ஒவ்வொரு பாதரச அயனியையும் மூன்று நான்கு குளோரைடுகள் வளைத்துப் பிடித்துக்கொள்கின்றன. துகளிடம் வந்து ஒட்டப் பாதரசத்துக்குக் கை ஓய்வதில்லை. ஈயத்தைக் கார்பனேட்டும், செம்பைக் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களும் இதே மாதிரி பிடித்து வைத்திருக்கின்றன. கழிமுகம் இன்னும் மோசம். இலைதழை மக்கிய பொருள்கள் புற ஊதா ஒளியில் தாமே நீலமாக மினுங்கும். சேறு ஒளியைச் சிதறடிக்கும். நீர் ஏறும்போது ஓர் உப்பு, வற்றும்போது வேறு உப்பு. போதாததற்கு இரும்பும் செம்பும்கூட இந்த நீலத்தை அணைக்கும். மங்கியது பாதரசத்தாலா, ஆற்றில் வந்த இரும்பாலா?

தீர்வுகளும் இல்லாமல் இல்லை. பாதரசத்துக்குக் குளோரைடைவிடக் கந்தகத்தின்மேல் பிடிப்பு அதிகம். அதனால் துகளின் மேற்பரப்பில் கந்தகத் தொகுதிகளைக் கட்டுகிறார்கள். மாட்டு இரத்தத்தின் ஆல்புமின் புரதத்துக்குள் இருபத்தைந்து தங்க அணுக்கள் சேர்ந்த கொத்துகளை உருவாக்குவது இன்னொரு வழி. 2009-ல் வெளிவந்த இந்த முறையில் கிடைக்கும் கொத்து சிவப்பாக ஒளிரும். பாதரசம் தங்கத்தோடு நேரடியாகப் பிணைந்து அந்தச் சிவப்பை அணைக்கும். கழிமுக நீரின் இயற்கை நீலத்திலிருந்து சிவப்பு விலகி நிற்பது கூடுதல் லாபம். பாதரசத்துக்கு மங்காத வகை நீலக் கார்பன் டாட்டையும் சிவப்புத் தங்கக் கொத்தையும் சேர்த்துப் போட்டால், பாதரசம் ஏற ஏறக் கரைசலின் நிறமே மாறும். செல்போன் கேமரா வெளிச்சத்தின் அளவைக் கணிப்பதில் தடுமாறும். இரண்டு நிறங்களின் விகிதத்தைக் கணிப்பதில் பரவாயில்லை. செல்போன் சோதனை என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

வாங்கலாமா என்றால், கழிமுக நீருக்கு நம்பி வாங்கச் சொல்லும்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது விற்க வந்தால் ஒரே ஒரு சோதனை கேளுங்கள்: உங்கள் கழிமுகத் தண்ணீரிலேயே தெரிந்த அளவு பாதரசத்தை ஆய்வகத்தில் கலந்து, கருவி அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பாட்டில் தண்ணீரில் செய்துகாட்டினால் அனுப்பிவிடுங்கள்.

எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த மாதிரி வழக்கில் நானோ துகளின் நிறம் சாட்சியாக நிற்காது. ஆய்வகத்தில் உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற கருவி தரும் எண்தான் நிற்கும். அந்தக் கருவிக்கு அனுப்ப மாதிரி எடுக்கும்போது பழைய குடிநீர் பாட்டில் ஆகாது. அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாட்டிலை ஆய்வகமே தரும். இரும்பு வாளியால் மொள்ளக்கூடாது. படகின் அடிப்பூச்சில் செம்பு இருக்கும் என்பதால் முன்னால் கைநீட்டி எடுக்க வேண்டும். இதையெல்லாம் உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கணக்கிட்டுச் சொன்ன அதே ஆள். கடல்நீரில் ஈயம் என்று அதுவரை பலர் அளந்ததில் பெரும்பகுதி அவரவர் கப்பலிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்த ஈயம் என்று அவர் காட்டினார்.

கேள்வி: எங்கள் துறையில் ஒரு கார்பன் டாட் சென்சார் 5 நானோமோலார் பாதரசம் வரை கண்டுபிடிக்கிறது. இது கடலுக்குப் போதுமா?
- முதுகலை வேதியியல் மாணவி, காரைக்குடி

பதில்: எந்தக் கடலுக்கு? 5 நானோமோலார் என்றால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் பாதரசத்துக்கு உள்ள வரம்பும் அதுவே. ஆனால் ஆழ்கடல் நீரில் பாதரசம் ஒரு பிகோமோலார் அளவில்தான் இருக்கும். உங்கள் சென்சாருக்கு அது ஐயாயிரம் மடங்கு எட்டாத தூரம்.

ஆலைக் கழிவுநீர் கடலில் விழும் குழாய் வாய்க்கு வாருங்கள். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, கடலோரத்தில் விடும் கழிவுநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது 50 நானோமோலார். அங்கே உங்கள் சென்சாருக்குப் பத்து மடங்கு வசதி இருக்கிறது. எல்லோரும் கட்டுரையின் முன்னுரையில் பரந்த கடலைக் காப்பாற்றக் கிளம்புகிறார்கள். குழாய் வாயில் இருபத்துநான்கு மணி நேரமும் உட்கார்ந்து, நள்ளிரவில் திறந்துவிடும் கழிவைப் பிடிக்கும் கருவியைப் பற்றி எழுத ஆளைக் காணோம். அதைச் செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரில் போட்ட அளவீட்டுக் கோட்டை அப்படியே கழிவுநீருக்குப் பொருத்தாமல், அந்த நீரிலேயே படிப்படியாகப் பாதரசம் சேர்த்துக் கோடு போடுங்கள். கண்டறியும் வரம்பு மோசமாகத்தான் வரும், வழிகாட்டி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அந்த எண்ணையே எழுதுங்கள்.

கேள்வி: குவாண்டம் டாட்டிலேயே காட்மியம் இருக்கிறதே, அதைக் கடலில் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கடலில் யாரும் போடுவதில்லை, கடல்நீரை எடுத்து வந்து குப்பியில் சோதிக்கிறார்கள். ஆனாலும் உங்கள் குத்தல் நியாயமானது. 2023-ல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த குவாண்டம் டாட் என்ற ஒளிரும் நானோ துகள்களில் பேர்போனவை காட்மியம் செலினைடு வகை. காட்மியத்தைத் தேடக் காட்மியத்தையே கலப்பது அபத்தம் என்பதால்தான் பலர் கார்பனுக்கு மாறினார்கள். சோதித்து முடித்த குப்பியைச் சாக்கடையில் கவிழ்க்காமல் ஆய்வகக் கழிவாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கடல்நீரில் பாதரசம் இல்லை என்று தெரிந்தால் மீனைத் தைரியமாகச் சாப்பிடலாமா? பிள்ளை பெற்ற மகளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கிறேன்.
- வாசகி, தூத்துக்குடி

பதில்: நீரை அளந்து மீனைத் தீர்மானிக்க முடியாதம்மா. இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவை அயனியாக இருக்கும் பாதரசத்தைத்தான் பார்க்கும். மீனில் சேர்வது மெத்தில் பாதரசம். சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்குவது. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலே மேலே சேரும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு நேராகவே மெத்தில் பாதரசம் விரிகுடாவில் கலந்தது. அந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956-ல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு நின்றது 1968-ல். தாய்மார்கள் பலருக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமல், கருவிலிருந்த குழந்தைகள் நரம்புப் பாதிப்போடு பிறந்தார்கள்.

சுறா உணவுச் சங்கிலியில் மேலே இருப்பது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், மெத்தில் பாதரசத்துக்குச் சுறாவில் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம், சூரையில் 1.2 மில்லிகிராம் என்று தனி வரம்பே வைத்திருக்கிறது. பால்சுறா சிறிய வகை என்பதால் பெரிய சுறாவைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். மெத்தில் பாதரசம் தாய்ப்பால் வழியாகப் போவதைவிட நஞ்சுக்கொடி வழியாகத்தான் குழந்தைக்கு அதிகம் போகிறது. அதனால் இதுவரை செய்து கொடுத்ததற்குப் பதற வேண்டாம். ஆனால் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது. வேகவைத்தாலும் உதிர்த்துப் புட்டாக்கினாலும் மெத்தில் பாதரசம் போகாது. அடுத்த முறை மகள் கர்ப்பமானால் அந்த மாதங்களில் சுறாவையும் பெரிய சூரையையும் நிறுத்திவிட்டு மத்தி, நெத்திலி வாங்குங்கள். விலையும் குறைவு.