595 டாலர் எப்படிக் கட்டுப்படியாயிற்று?

அன்புள்ள கயல்,

வியாபாரப் போட்டியை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். வளைகோடுகளை உன் பொருளியல் புத்தகம் பார்த்துக்கொள்ளும். நான் ஒரு விலையைப் பற்றி எழுதுகிறேன்.

1982 ஜனவரி, லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருள் கண்காட்சி. காமடோர் கம்பெனி தன் அரங்கில் காமடோர் 64-ஐ வைத்தது. தடித்த விசைப்பலகை போல ஒரு பழுப்புப் பெட்டி. வீட்டு டிவியில் செருகினால் கம்ப்யூட்டர். 64 கிலோபைட் நினைவகம், விலை 595 டாலர். போட்டியாளரான அட்டாரி 800-இல் நினைவகம் குறைவு, விலை கூடுதல். அட்டாரிக்காரர்களே வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

காமடோர் 64-இன் அடக்கவிலை சுமார் 135 டாலர்தான். அதற்கான காரணம் கால்குலேட்டர் காலத்திலேயே இருக்கிறது. அப்போது காமடோர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் சிப் வாங்கி கால்குலேட்டர் விற்றது. பிறகு சிப் விற்றவர்களே கால்குலேட்டரும் விற்க இறங்கினார்கள். காமடோருக்கு உதிரிபாகத்துக்கு ஆன செலவைவிட அவர்களுடைய முழுக் கால்குலேட்டர் மலிவு! சூடுபட்ட முதலாளி ஜாக் டிராமியேல், 1976-இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியையே வாங்கிப்போட்டார். காமடோர் 64-இன் செயலி, படத்துக்கான சிப், ஒலிக்கான சிப் எல்லாம் அங்கே பிறந்தவை. நினைவகம் வெளியில் வாங்கியது. 64 கிலோபைட்டுக்கு அன்று 100 டாலருக்கு மேல். உற்பத்தி சூடுபிடிப்பதற்குள் விலை இறங்கிவிடும் என்று துணிந்தார், இறங்கியது.

ஆகவே எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் விலையைக் கேட்டதோடு நிற்காதே. உள்ளே இருப்பதில் எது சொந்தத் தயாரிப்பு, எது வாங்கியது என்றும் கேள். விற்பனையாளர் தடுமாறுவது அங்கேதான்.

அடுத்து நடந்த விலைக்குறைப்புச் சண்டையில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், தானும் விற்றுவந்த வீட்டுக் கம்ப்யூட்டரைக் கைவிட்டது. டிராமியேல் பழிதீர்த்தார் என்று சுவையாக எழுதுவார்கள். வன்மத்துக்காக ஒருவர் தொழிற்சாலை வாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

1984 ஜனவரியில் அவரே காமடோரை விட்டு வெளியேறினார். ஜூலையில் அட்டாரியின் கம்ப்யூட்டர் பிரிவை வாங்கினார்! 1985 ஜனவரியில் அதே லாஸ் வேகாஸில் அட்டாரி எஸ்டி-யைக் காட்டினார். இம்முறை கையில் சிப் ஆலை இல்லை; செயலி மோட்டோரோலாவினுடையது. ஆனாலும் விலையில் அடித்தார். எப்படி முடிந்தது என்று தேடிப்பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா