ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால் போதுமா?



சா/த பரீட்சையில் கணிதம் கட்டாய பாடம். மற்றப் பாடங்களில் எல்லாம் சித்தியடைந்து, கணக்கில் மட்டும் தவறிய பிள்ளை ரிசல்ட் வந்த அன்று லயத்தை விட்டு வெளியே வராமல் இருந்ததை நம் கொட்டகலைப் பக்கத்தில் நாம் பார்த்திருக்கிறோம். இவர்களில் பலருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. போட்ட விடையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

ஒரு கேள்வியைப் பாருங்கள். "எந்த எண்ணின் வர்க்கமும் அந்த எண்ணைவிடப் பெரியது. சரியா, பிழையா?" நாம் உடனே 3ஐ எடுப்போம். 3 × 3 = 9. பிறகு 5. வர்க்கம் 25. "சரி" என்று எழுதிவிடுவோம். ஆனால் விடை பிழை. ½ × ½ = ¼. சின்னதாகப் போய்விட்டது! 0, 1 இரண்டின் வர்க்கமும் அதேதான்.

எண்களில் பல வகை உண்டு. இது நமக்குப் புதுசு இல்லை. மலையில் நிற்கும் ஆட்களை எண்ணினால் முழு எண். செக்ரோலில் அரைப் பேர் விழுந்தால் பின்னம். வேலைக்குப் போகாத நாள் பூச்சியம். பிடித்தம் போகக் கடனில் நிற்கும் சம்பளத் துண்டு மறை எண். மறை எண்ணைக் கடனாகவும் நேர் எண்ணைச் செல்வமாகவும் வைத்து, கி.பி. 628லேயே பிரம்மகுப்தர் விதி எழுதி வைத்தார்.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் சமனிலி. தெரியாத எண்ணை 'க' என்போம். −2க < 6 என்றால் க எவ்வளவு? பல பிள்ளைகள் க < −3 என்று எழுதுகிறார்கள். அதில் அடங்கும் −4ஐ வைத்துப் பாருங்கள். −2 × −4 = 8. 8 எப்படி 6ஐவிடச் சின்னது? ஆகவே பிழை. மறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்பும். 2ஐவிட 3 பெரிது. ஆனால் 2 ரூபா கடன்காரனைவிட 3 ரூபா கடன்காரன் கீழே. சரியான விடை க > −3. பூச்சியத்தை வைத்தால் 0 < 6, பொருந்துகிறது.

மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். ஒன்று, கேள்வி "நிறைவெண்" என்று சொன்னால் பின்னத்தை வைக்கக்கூடாது. ஆட்களின் எண்ணிக்கை 7½ என்று வந்தால் எங்கேயோ பிழை. இரண்டு, "எப்போதும்" என்ற கூற்றை உடைக்க ஒரு எண் பொருந்தாவிட்டாலே போதும். மூன்று, பத்து எண் பொருந்தினாலும் அது நிறுவல் ஆகாது. செய்முறையை எழுதத்தான் வேண்டும்.

இப்போது 3 − க > 5 என்பதைச் செய்யுங்கள். க < −2 வரும். −3, 0 இரண்டையும் வைத்துப் பாருங்கள். முதலாவது பொருந்தும், இரண்டாவது பொருந்தாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அரையை வச்சுப் பாத்தியா? பூச்சியம் வச்சியா? கடனை வச்சுப் பாத்தியா?" என்று கேட்க நம்மால் முடியும். கேட்போம்!