ஆடை சொல்லும் சான்று

நுழையும்முன்

நாளைய உலகை இன்றே கண்முன் நிறுத்துவது அறிவியல் புனைகதை. ஆனால், அக்கதைக்காகத் தைத்த ஆடையோ படப்பிடிப்பு முடிந்த மறுநாளே பழந்துணியாகிவிடுகிறது. தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர்கள் உண்மையாகவே அணிந்த அத்தகைய ஆடைகளைத் தேடிக் காப்பவர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கா, வரலாற்றுப் பணியா? ஓர் ஆடை உண்மையானது என்பதை எவ்வாறு அறிவது? உப்புக்காற்று வீசும் வடசென்னை போன்ற நிலப்பகுதியில் அதனை எவ்வாறு காப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வால்டாக்ஸ் சாலையில் ஓர் ஊர்வலம்

1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தமிழின் முதல் பேசும்படமாகப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ படச்சுருள், பம்பாயிலிருந்து தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் அச்சுருள் பெட்டியின் பின்னே வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாகச் சென்றனர். மலர் தூவினர், தேங்காய் உடைத்தனர், நறும்புகை காட்டினர். கினிமா சென்ட்ரல் திரையரங்கில் படம் வெளியாயிற்று. கடவுள் திருமேனிக்குச் செய்யும் சிறப்பையெல்லாம் பெற்ற அப்படத்தின் ஒரு படிகூட இன்று எஞ்சவில்லை.

கொண்டாடுவது வேறு, காப்பது வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒளிப்பதிவு நாடாக்களின் விலை மிகுதியாக இருந்தமையால், பழைய பதிவுகளை அழித்துவிட்டு அவற்றின்மீதே புதிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தனர். அத்தொடரின் 1960களைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இவ்வாறு மறைந்துபோயின. படம் அழிந்தபின் அப்படத்தில் இடம்பெற்ற ஓர் ஆடையோ அணிகலனோ கிடைக்குமாயின், அதுவே அக்கலைப்படைப்பின் சாட்சியாகிறது. ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பர். ஆளும் மறைந்து படமும் மறைந்தபின் ஆடை ஒன்றே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாகிறது.

விண்வெளிக்குத் தைத்த சட்டை

அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடர், மூன்று பருவங்களில் 79 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. விண்கலத்தில் பயணம் செய்யும் குழுவினருக்கான ஆடைகளை வில்லியம் வேர் தைஸ் வடிவமைத்தார். பணிப்பிரிவுக்கு ஒரு வண்ணம் என வகுத்து, வெல்வெட்டைப் போன்ற மென்துணியில் சட்டைகள் தைக்கப்பட்டன. அத்துணி வெளுக்கும்தோறும் சுருங்கியது. ஆகவே, மூன்றாம் பருவத்தில் சுருங்காத நைலான் பின்னல் துணிக்கு மாறினர். எனவே, ஒரு சட்டையின் துணியைத் தொட்டறிந்தே அது தொடரின் எக்காலத்தைச் சேர்ந்தது என்பதை ஓரளவு கூறிவிடலாம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கலத்தின் தலைவர் அணிந்த சட்டை பொன்னிறமானது என்றே பார்வையாளர் எண்ணினர். உண்மையில் அத்துணி பசுமை சார்ந்த நிறமுடையது. படப்பிடிப்பு விளக்குகளின் ஒளியும் படச்சுருளின் தன்மையும் சேர்ந்து அதனைப் பொன்னிறமாகக் காட்டின. கோடிக்கணக்கான கண்கள் கண்ட காட்சியை, பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட ஒரு சட்டை திருத்துகிறது. திரை காட்டாததையும் பொருள் காட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆடைகள் தம்மை உருவாக்கிய கைகளையும் நினைவூட்டுகின்றன. 1974இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் தலைமைப் பாத்திரத்தை ஏற்ற டாம் பேக்கர் அணிந்த பல வண்ணக் கழுத்துத்துண்டு உலகப் புகழ் பெற்றது. வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன், தேவைக்கு மேற்பட்ட கம்பளி நூலைப் பின்னலாளர் பெகோனியா போப்பிடம் கொடுத்திருந்தார். அவர் கொடுத்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார்! தரையைத் தொடுமளவு நீண்ட அத்துண்டு, அப்பாத்திரத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. நடிகரின் பெயரை ஊரறியும். பின்னியவரின் பெயரை அத்துண்டைப் பற்றி ஆராய்ந்தவர்களே நமக்கு அறியத் தந்தனர்.

உண்மையும் படியும்

ஒரு பாத்திரத்துக்கு ஓர் ஆடை மட்டுமே தைக்கப்படுவதில்லை. அண்மைக் காட்சிக்குச் சிறந்த வேலைப்பாடுடைய ஆடை ஒன்று. சண்டைக் காட்சிக்கு அசைவுக்கு இடந்தரும் ஆடை ஒன்று. நடிகருக்கு மாற்றாகத் தோன்றும் ‘டூப்’ கலைஞரின் உடலளவுக்கு ஏற்ற ஆடை ஒன்று. கயிற்றில் தொங்கிப் பறக்கும் காட்சிக்கு இடுப்பில் மறைவான திறப்புடைய ஆடை ஒன்று எனப் பல அமையும். தைக்கப்பட்டும் படப்பிடிப்பில் பயன்படாதவையும் உண்டு. பிற்காலத்தில் விற்பனைக்கென்றே செய்யப்பட்ட படிகளும் உண்டு. இவற்றுள் எது திரையில் தோன்றியது என்பதைத் துணிவதே சேகரிப்பாளரின் முதற்பணி.

அதற்கு மூவகைச் சான்றுகளை ஆராய்வர். முதலாவது, அகச்சான்று. கழுத்துப்பட்டையின் உட்புறம் தைத்த பெயர்த்துணி, தையலின் அமைப்பு, அக்காலத்து ஊக்கு, பல்லிணை போன்றவை இதனுள் அடங்கும். இரண்டாவது, காட்சிச்சான்று. பூவேலையோ கோடோ கொண்ட துணியை வெட்டித் தைக்கும்போது, இரண்டு சட்டைகளில் அது ஒரே இடத்தில் அமைவது அரிது. சட்டைப்பையின் விளிம்பில் பாதியாக வெட்டுண்ட ஒரு பூ, திரைக்காட்சியிலும் அவ்வாறே தோன்றினால், இரண்டும் ஒன்றே எனக் கொள்ளலாம். மூன்றாவது, உடைமை வரலாறு. ஆடை தையலகத்திலிருந்து யார் யார் கைமாறி இன்றைய உரிமையாளரிடம் வந்தது என்னும் அறுபடாத குறிப்பே அது.

இம்மூன்றனுள் ஒன்று தளர்ந்தாலும் ஐயம் எழும். 2006 அக்டோபரில் நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ‘ஸ்டார் டிரெக்’ பொருள்களை மூன்று நாள் ஏலமிட்டது. ஏலத் தொகை ஏறத்தாழ 71 இலட்சம் டாலரை எட்டியது. ஏலத்தில் நெற்றி மறைப்பு ஒன்றை வாங்கிய சேகரிப்பாளர், பின்னர் அதனைக் கையொப்பத்துக்காக உரிய நடிகரிடமே கொண்டுசென்றார். அது தாம் அணிந்ததன்று என்று அந்நடிகர் கூறியதாகச் சொல்லி, அவர் வழக்குத் தொடுத்தார். ஒரு பொருளின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை, அதனோடு பிரியாது வரும் சான்றிலேயே உள்ளது என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

இதனால் மற்றோர் உண்மையும் விளங்கும். வியர்வைக் கறை, கழுத்தோரம் படிந்த ஒப்பனைப் பூச்சு, அவசரமாகப் போட்ட ஒட்டுத்தையல் ஆகியவற்றைக் குறைகள் என்று கருதி வெளுத்து நீக்குதல் தவறு. அவை அணிந்தவரின் தடங்கள். அவற்றை அழித்தால் சான்றையும் அழித்தவராவோம்.

உப்புக்காற்றும் துணியும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரையில் வாழ்வோர், வீட்டுச் சன்னல் கம்பி விரைவில் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பர். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அவ்வீரம் ஆடையிலுள்ள இரும்புக் கொக்கியைத் துருவாக்கும். அத்துரு துணியில் கறையாகப் படிந்து நாரை அரிக்கும். நிலக்கரி எரிவதால் எழும் கந்தக வாயு, ஈரத்தோடு கூடி அமிலமாகிப் பருத்தி நாரை நலிவுறச் செய்யும்.

அறிவியல் புனைவு ஆடைகளுக்கு இடர் இன்னும் மிகுதி. வேற்றுக்கோள் மாந்தரின் முகமூடிக்கு இரப்பர்ப் பாலும், கவசத்துக்கு நுரைப்பொருளும், உடலோடு ஒட்டிய ஆடைக்கு ஸ்பேன்டெக்சும் பயன்படுகின்றன. உயிர்வளியும் ஈரமும் பட்டு இரப்பரும் நுரையும் முதலில் பிசுபிசுக்கும். பின்னர் விறைத்துப் பொடியாகும். ஆயிரம் ஆண்டுக் கற்சிலை நிற்க, ஐம்பது ஆண்டு முகமூடி உதிர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

அருங்காட்சியகங்கள் துணிப்பொருள்களைச் சுமார் 50 விழுக்காடு ஈரப்பதத்தில், 50 லக்ஸ் அளவைத் தாண்டாத மங்கிய ஒளியில் வைக்க முயல்கின்றன. சென்னைக் கடற்கரையிலோ காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டை ஒட்டியோ அதனைக் கடந்தோ இருக்கிறது. ஆயினும், எளிய முறைகளால் பெரிதும் காக்கலாம். ஆடையைக் கம்பித் தாங்கியில் தொங்கவிடாது, கிடையாகப் படுக்க வைக்க வேண்டும். நெகிழிப் பையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். எனவே, கஞ்சி நீங்கத் துவைத்துக் காயவைத்த வெளுக்காத பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். செய்தித்தாளில் அமிலம் உண்டு. அதனைத் துணியோடு சேர்த்தல் கூடாது. மடிப்புகளை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை நிழலில் விரித்துப் பூச்சியும் பூஞ்சையும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் முதல் பொறுப்பாளர். மண்ணுள் புதைந்து கிடந்த வெண்கலத் திருமேனிகளைக் குளோரைடு உப்புகள் அரித்துப் பச்சைப் பொடியாக்கின. அந்நோயைத் தீர்க்கும் முயற்சியிலிருந்தே அவ்வாய்வகம் வளர்ந்தது.

நம் மண்ணில்

தமிழுக்கும் அறிவியல் புனைவு மரபு உண்டு. வேற்றுக்கோளினர் புவிக்கு வரும் கதையைக் ‘கலை அரசி’ திரைப்படம் 1963இலேயே சொல்லியது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ புதினம் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீனோ என்னும் இயந்திர நாய் வீடுதோறும் அறிமுகமாயிற்று. அப்புதினம் எதிர்காலமாகக் கற்பனை செய்த 2021ஆம் ஆண்டை நாம் கடந்தும் வந்துவிட்டோம். எதிர்காலம் இறந்தகாலமாகும்போது, அக்கற்பனைக்குத் தைத்த உடையும் வரலாற்று ஆவணமாகிறது.

காக்கும் முயற்சிகளும் இங்கே நடைபெறாமல் இல்லை. எம்.ஜி.ஆரின் தியாகராயநகர் இல்லம் அவர் பயன்படுத்திய பொருள்களைக் காக்கும் நினைவில்லமாக விளங்குகிறது. வடபழனி ஏவி.எம். வளாகத்தில் 2023இல் பழைய ஊர்திகளும் படப்பிடிப்புக் கருவிகளும் கொண்ட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆயினும், ஒரு நிகழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ‘காந்தி’ திரைப்படத்தின் ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் பானு அத்தையா. அவர் தம் இறுதிக்காலத்தில் அவ்விருதைக் காக்கும் பொறுப்பை, அதனை வழங்கிய அமெரிக்கக் கழகத்திடமே 2012இல் ஒப்படைத்தார். ஆடைக்கலைக்கு இந்தியாவுக்குக் கிடைத்த முதற்பெருமை, பாதுகாப்புத் தேடிக் கடல்கடந்து சென்றது.

இப்பொறுப்பு அருங்காட்சியகங்களுக்கு மட்டும் உரியதன்று. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் சீருடைகள் இன்றும் சில வீட்டு இரும்புப் பெட்டிகளில் உறங்குகின்றன. பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் ஆலையின் காக்கித்துணி நாடறிந்தது. அவ்வாலைத் தொழிலாளரை முன்னிறுத்தி 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆலையோ 1996இல் மூடப்பட்டது. ஆலையின் ஓசை அடங்கிவிட்டது. அதன் காக்கிச் சட்டை ஒன்று எஞ்சியிருந்தால் அதுவும் சான்றே. விண்கலத் தலைவரின் சட்டையை ஆராயும் அதே மூன்று வினாக்கள் அதற்கும் பொருந்தும்: இதனைத் தைத்தது யார்? அணிந்தது யார்? எக்கைகள் வழியே நம்மிடம் வந்தது?

இவ்வினாக்களுக்கு விடை சொல்ல வல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். விடை எழுதப்படாத ஆடை வெறும் துணி. எழுதப்பட்ட ஆடை வரலாறு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய பணியுடை ஒன்றைத் தேர்ந்து, அதன் துணி, தையல், கறை, ஒட்டு ஆகியவற்றை உற்றுநோக்கி எழுதுக. அணிந்தவரிடம் கேட்டு உடைமை வரலாற்றையும் சேர்க்க.

2. ‘வெளுத்துத் தூய்மையாக்கிய ஆடையே காட்சிக்கு ஏற்றது’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.

சிறுவினா

1. ‘ஸ்டார் டிரெக்’ தலைவரின் சட்டை திரைக்காட்சியைத் திருத்துவது எவ்வாறு?

2. கடற்காற்று ஆடைகளைச் சிதைக்கும் முறையை விளக்குக.

நெடுவினா

ஓர் ஆடை திரையில் அணியப்பட்டதே என்பதை உறுதிசெய்யும் மூவகைச் சான்றுகளை எடுத்துக்காட்டுகளுடன் விவரிக்க.