கலி புகுந்த வழி

நுழையும் முன்

விண்வெளிக் கதைகளைக் கூறும் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் இருளின் ஆற்றல் ஒன்று வருவதைக் கண்டிருப்பீர்கள். அது நல்லவன் ஒருவனின் உள்ளத்துள் புகுந்து, அவனைத் தன்வயப்படுத்தும். 1977இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட வரிசையில் அனாக்கின் என்னும் வீரன் அவ்வாறு இருளின் பக்கம் சாய்ந்து, டார்த் வேடர் ஆகிறான். இத்தகைய ஆற்றல் ஒன்றைத் தமிழ்க் காவியமொன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டியுள்ளது. அதன் பெயர் கலி. நளன் என்னும் மன்னனுள் கலி எவ்வாறு புகுந்தான், எவ்வாறு நீங்கினான் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. காரணமற்ற சினம்

நிடத நாட்டை ஆண்டவன் நளன். விதர்ப்ப நாட்டு மன்னன் வீமனின் மகள் தமயந்தி. அன்னத்தின் தூதால் இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன. தமயந்தியின் சுயம்வரத்திற்கு இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய தேவர் நால்வரும் நளனின் உருவத்தைக் கொண்டு வந்து அமர்ந்தனர். தேவர்களின் கண்கள் இமைப்பதில்லை. அவர்களின் கால்கள் நிலத்தில் தோய்வதில்லை. இவ்வேறுபாட்டைக் கண்டறிந்த தமயந்தி, உண்மையான நளனுக்கே மாலை சூட்டினாள். தேவர்கள் சினம் கொள்ளாமல் நளனுக்கு வரமளித்துத் திரும்பினர்.

வழியில் அவர்களைக் கலி எதிர்கொண்டான். தமயந்தியை மணக்க விரும்பிக் காலந்தாழ்த்தி வந்த அவன், நடந்ததைக் கேட்டுக் கொதித்தான். நளன் அவனுக்கு எத்தீங்கும் செய்தவன் அல்லன். ஆயினும் அவனை நாடு இழக்கச் செய்வதாகவும், காதலரைப் பிரிப்பதாகவும் கலி சூளுரைத்தான். துவாபரனைத் துணைக்கு அழைத்தான்.

2. சிறு வாயில்

கலி எண்ணிய உடனே நளனுள் புக இயலவில்லை. நளன் ஒழுக்கத்தில் சிறந்தவன். ஆதலால் கலி காத்திருந்தான். பன்னிரண்டாம் ஆண்டில்தான் அவனுக்கு வாய்ப்புக் கிட்டியது என்கிறது பாரதம். ஒருநாள் அந்தி வழிபாட்டிற்கு முன் கால் கழுவிய நளன், காலை முழுவதும் நனைக்கத் தவறினான். அந்தச் சிறு குறையையே வாயிலாகக் கொண்டு கலி உள்ளே புகுந்தான்.

கால் கழுவாமை பெருங்குற்றமா என்று கேட்கத் தோன்றும். கவனக்குறைவு எத்துணைச் சிறிதாயினும், தீமை நுழைய அது போதும் என்பதே கதை உணர்த்தும் கருத்து.

கலி தனித்துச் செயற்படவில்லை. நளனின் உள்ளத்தில் கலி இருந்தான். சூதாடு கவற்றினுள் துவாபரன் இருந்தான். கவற்றை உருட்டப் புட்கரன் முன்வந்தான். புட்கரனுள் கலி புகவில்லை. புக வேண்டிய தேவையும் எழவில்லை. நாடு கிடைக்கும் என்ற ஆசையே அவனை அழைத்துவரப் போதுமானதாயிற்று.

அமைச்சர்கள் சூதின் தீமையை நளனுக்கு எடுத்துரைத்தனர். நளன் செவிசாய்க்கவில்லை. கவறு உருளும்தோறும் பொருளும் படையும் நாடும் அவன் கையைவிட்டு நீங்கின.

3. கானகத்தில்

நளனும் தமயந்தியும் காடு சென்றனர். பொன்னிறப் பறவை ஒன்றைப் பிடிக்க நளன் தன் ஆடையை வீசினான். பறவை ஆடையோடு பறந்தது. அதுவும் கலியின் சூழ்ச்சியே. பின்னர் இருவரும் ஓராடையையே உடுத்தினர். இரவில் தமயந்தி உறங்கியபோது, நளன் அவ்வாடையை இரண்டாகத் துணித்து, அவளைத் தனியே விட்டு நீங்கினான். சில அடி சென்றான், மீண்டான், மறுபடியும் சென்றான். கலி ஒருபுறம் இழுக்க, அன்பு மறுபுறம் இழுத்தது. கலியின் பிடியிலும் நளனின் அன்பு முற்றும் அழியவில்லை என்பதற்கு இத்தடுமாற்றமே சான்று.

தொடர்ந்து சென்ற நளன் காட்டுத்தீயின் நடுவே ஓர் அபயக்குரலைக் கேட்டான். தீயில் சிக்கியிருந்தது கார்க்கோடகன் என்னும் நாகம். தான் அனைத்தையும் இழந்திருந்த நிலையிலும் நளன் அதனைக் காப்பாற்றினான். நாகமோ அவனைத் தீண்டி உருவை மாற்றியது. அத்தீண்டல் தீங்கன்று, பகைவர் அறியாவண்ணம் அவன் மறைந்து வாழ அதுவே உதவியது. நஞ்சு நளனை வருத்தவில்லை. அவனுள் இருந்த கலியையே வருத்தியது எனப் பாரதம் கூறும்.

4. கலி நீங்கியது

நளன் வாகுகன் என்னும் பெயருடன் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகச் சேர்ந்தான். தந்தை வீட்டை அடைந்திருந்த தமயந்தி, நளனைக் கண்டறிய மற்றொரு சுயம்வரம் நடப்பதாகச் செய்தி அனுப்பினாள். அதற்காகத் தேர் விரைந்தபோது, வழியில் நின்ற தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் பார்த்த அளவிலேயே கணக்கிட்டுக் கூறினான். வியந்த நளன் அவனுக்குக் குதிரை நூலைக் கற்பித்து, எண்ணும் கலையையும் சூதின் நுட்பத்தையும் அவனிடம் கற்றான். கற்று முடித்ததும் கலி அவனைவிட்டு வெளியேறினான்.

எந்தச் சூதால் நளன் வீழ்ந்தானோ, அதன் கணக்கை அவன் அறிந்துகொண்டான். அதன்பின் கலிக்கு அங்கே இடமில்லை. சபிக்க முனைந்த நளனிடம் கலி மன்னிப்பு வேண்டினான். நளன் சினத்தை அடக்கினான். பின்னர் நாட்டை மீட்டபோது, பாரதக் கதையின்படி, தோற்ற புட்கரனையும் அவன் மன்னித்தான். தன்னை முன்பு வென்றது கலியின் செயலே என்று கூறி, அவன்மேல் பழி சுமத்தாமல் விடுத்தான். தீமையின் வழியைத் தானும் பின்பற்றாமையால் நளனின் வெற்றி முழுமை பெற்றது.

தெரிந்து கொள்வோம்

கிருதம், திரேதம், துவாபரம், கலி என்னும் யுகப் பெயர்கள் பண்டைய வடநாட்டுச் சூதாட்டத்தின் வீச்சுகளுக்கும் உரியவை. அவற்றுள் கலி தோல்வி தரும் வீச்சு. தான்றிக் கொட்டைகளே அக்காலத்தில் கவறாகப் பயன்பட்டன. வழியில் நின்ற மரம் தான்றியாக அமைந்தது இதனோடு பொருந்துகிறது.

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் நளன் நீராடி வழிபட்டுத் துன்பம் நீங்கினான் என்பது மக்கள் நம்பிக்கை. அங்கே அவனைப் பற்றியதாகக் கூறப்படுவது சனி. காவியத்தில் கூறப்படுவது கலி.

நூல்வெளி

நளவெண்பாவை இயற்றியவர் புகழேந்திப் புலவர். காலம் 13ஆம் நூற்றாண்டு என்பர். நூல் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்று பிரிவுகளையும் நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்களையும் உடையது. இதே கதையைக் கன்னடத்தில் 16ஆம் நூற்றாண்டில் கனகதாசர் ‘நளசரித்திரெ’ என்னும் பெயரில் பாடினார். கர்நாடகத்தில் கனக ஜயந்தி நாளில் நினைவுகூரப்படுபவர் இவரே.

அருஞ்சொற்பொருள்

சூளுரை – சபதம்
கவறு – சூதாடு காய்
துணித்து – வெட்டி
அபயக்குரல் – காப்பாற்ற வேண்டும் குரல்
தீண்டல் – (பாம்பு) கடித்தல்

மொழி அறிவோம்

தமிழில் ‘கலி’ என்பதற்குத் துன்பம், ஆரவாரம், ஒருவகைப் பா எனப் பல பொருள்கள் உண்டு. கன்னடத்தில் ‘கலி’ என்றால் ‘கற்றுக்கொள்’ என்றும் பொருள்; இது தமிழின் ‘கல்’ என்னும் வேர்ச்சொல்லோடு உறவுடையது. கர்நாடக அரசுத் தொடக்கப் பள்ளிகளின் ‘நலி கலி’ திட்டம் ‘மகிழ்ந்து கற்றுக்கொள்’ எனப் பொருள்படும். ஆனால் தமிழில் ‘நலி’ என்பது ‘வருந்து’ எனப் பொருள் தரும். ஒலி ஒன்றாயினும் பொருள் வேறாகும் சொற்களைக் கவனமாகக் கையாள வேண்டும்.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெழுதுக.
1. கவற்றினுள் புகுந்தவன் (கலி / துவாபரன் / புட்கரன்)
2. இருதுபன்னன் ஆண்ட நாடு (விதர்ப்பம் / நிடதம் / அயோத்தி)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தமயந்தி நளனை எவ்வாறு அடையாளம் கண்டாள்?
2. கலி நளனுள் புகக் காரணமாக அமைந்த குறை யாது?
3. புட்கரனுள் கலி புகத் தேவையில்லாமற் போனது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
1. நளன் வீழ்ந்ததற்குக் கலி மட்டுமே காரணமா? அமைச்சர் சொல்லைக் கேளாத நளனுக்கும் அதில் பங்கு உண்டா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. ஒருவரை மெல்ல மெல்லத் தன்வயப்படுத்தும் இக்காலத் தீமை ஒன்றைக் கூறி, அது நுழையும் ‘சிறு வாயில்’ யாது என விளக்குக.

ஈ. செயல்பாடு
நளன் கதையை வீட்டிலுள்ள பெரியோரிடம் தமிழிலும், கன்னடம் அறிந்த நண்பரிடம் கன்னடத்திலும் கேட்டறிக. இரண்டிலும் காணும் வேறுபாடுகள் மூன்றனைப் பட்டியலிட்டு வகுப்பில் பகிர்க.